அம்மாவின் பிரஷர்: ஏறுவதையும் பார்க்கணும், இறங்குவதையும் பார்க்கணும்

அம்மாவுக்கு 76 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்பாசமுத்திரம் வீட்டில் நானும் அவளும்தான். அண்ணன் பெங்களூரில், தங்கை மஸ்கட்டில். இரண்டு பேரும் போன் போட்டால் முதலில் கேட்பது, "இன்னைக்கு பிரஷர் எவ்வளவு?" என்பதுதான். அக்கறையில் கேட்கிறார்கள். ஆனால் இத்தனை காலம் கூடவே இருந்து பார்த்ததில், அது பாதிக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வயதானவர்களுக்கு பிரஷர் ஏறுவது எவ்வளவு ஆபத்தோ, எழுந்து நிற்கிற நேரத்தில் சட்டென்று இறங்குவதும் அவ்வளவு ஆபத்து. ஏறினால் பக்கவாதத்துக்குப் பயப்படுகிறோம். இறங்கினால் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது, அதோடு பலர் படுக்கையாகிவிடுகிறார்கள். பெற்றவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாத்திரையின் அளவை டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்வது வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்களை மட்டும்.

அம்மாவின் அளவு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் 170/75, 165/70 என்றுதான் இருக்கும். மேல் அளவு அதிகம், கீழ் அளவு சாதாரணம். "கீழ உள்ளது நல்லாத்தானே இருக்கு, அதுதான் முக்கியம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வயதானவர்களுக்கு அது பொருந்தாது. வெயிலில் கிடந்து விறைத்துப்போன ரப்பர் குழாய் மாதிரி, வயதாக ஆக ரத்தக் குழாய் நெகிழ்வை இழந்துவிடுகிறது. இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது குழாய் விரிந்து கொடுப்பதில்லை, அதனால் மேல் அளவு ஏறுகிறது. இதயம் தள்ளி முடித்து ஓய்வெடுக்கும்போது தாங்கிப் பிடிக்கவும் முடிவதில்லை, அதனால் கீழ் அளவு குறைகிறது. இந்த வயதில் மேல் அளவைத்தான் முதலில் பார்க்கணும் என்று எங்கள் டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"வயசோட நூறைக் கூட்டிக்கோ, அதுதான் சரியான பிரஷர்" என்று இன்னொரு கணக்கு ஊரில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் அம்மாவுக்கு 176 வரை பரவாயில்லை என்றாகும். அது பழைய நம்பிக்கை. 80 வயது தாண்டியவர்களை மட்டும் வைத்துச் செய்த ஹைவெட் என்ற ஆய்வின் முடிவு 2008-ல் வந்தது. மேல் அளவை 150-க்குக் கொண்டுவரும் இலக்கோடு மருந்து கொடுத்ததில் இதயச் செயலிழப்பு வெகுவாகக் குறைந்தது, இறப்பும் குறைந்தது. "இந்த வயசுல இனி என்ன மருந்து" என்ற பேச்சுக்கு அதற்கு மேல் இடமில்லை. எவ்வளவு குறைக்கலாம் என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். நல்லா நடமாடுகிற எழுபதுக்காரருக்கு 130 பக்கம் கொண்டுவரலாம். ஒடுங்கிப்போய், கைத்தாங்கலாக நடக்கிற தொண்ணூறுக்காரருக்கு அதே இலக்கை வைக்கத் தேவையில்லை. "எங்க அம்மாவுக்கு எவ்வளவுல நின்னா போதும்?" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பார்க்கிற விதம். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு எப்போதும் இருபது, இருபத்தைந்து கூடுதலாகத்தான் காட்டும். ஆட்டோவில் இறங்கி, படியேறி, கூட்டத்தில் காத்திருந்து, உள்ளே போனதும் ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்தால் யாருக்குத்தான் ஏறாது? அதனால் மேல்கையில் பட்டை சுற்றுகிற டிஜிட்டல் மிஷின் ஒன்று வீட்டில் வாங்கி வைத்தோம். மணிக்கட்டில் கட்டுகிற வகை அவ்வளவு நம்பகமாக இருப்பதில்லை.

மிஷின் வாங்கினால் மட்டும் போதாது. பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பி, டீ கூடாது. ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, முதுகு சாய நாற்காலியில், பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கையை மேஜைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வைக்கணும். பட்டை வெறும் கையில் படணும், ரவிக்கைத் துணிக்கு மேல் சுற்றக் கூடாது. கை மெலிந்தவர்களுக்கும் பருத்தவர்களுக்கும் அதற்கேற்ற அளவில் பட்டை தனியாகக் கிடைக்கிறது. பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

அம்மாவிடம் எனக்குப் பெரிய பாடு, பேசாமல் இருக்க வைப்பது. பட்டையில் காற்று ஏறும் நேரத்தில்தான் அவளுக்கு எல்லா ஞாபகமும் வரும். ஒருநாள் காலையில் மேலவீட்டு ஆச்சியின் பேத்தி கல்யாணத்தில் பந்தி நடத்திய லட்சணத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். 168 காட்டியது. "ஒரு நிமிஷம் வாய மூடிட்டு இரும்மா" என்று கெஞ்சி, கண்ணை மூடச் சொல்லி மறுபடியும் எடுத்தேன். 149. நடுவில் மாத்திரையும் கொடுக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அந்த 168-ஐ மட்டும் டாக்டரிடம் கொண்டுபோயிருந்தால் இன்னொரு மாத்திரை சீட்டில் ஏறியிருக்கும். அதனால் இப்போது ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதிவிடுவேன். முதன்முதலில் பார்க்கும்போது இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே தொடர்ந்து பார்க்கச் சொன்னார் டாக்டர்.

தினம் நாலு வேளை பார்ப்பதால் பயன் ஒன்றும் இல்லை. எண்ணைப் பார்த்துப் பயம், பயத்தால் இன்னும் ஏற்றம், அவ்வளவுதான் மிச்சம். டாக்டரிடம் போவதற்கு முந்தைய ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்பும் சாயங்காலமும் பார்த்து, முதல் நாள் அளவை விட்டுவிட்டு மற்றதன் சராசரியைக் கொண்டு போகிறேன். வீட்டில் பார்ப்பதற்கு வரம்பு 135/85. ஆஸ்பத்திரிக்குச் சொல்லும் 140/90-ஐவிட இது சற்றுக் குறைவு என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல நினைக்கிற விஷயம். அம்மா விடியற்காலையில் எழுந்ததும் "ஏட்டி, லேசா கெறக்கமா வருது" என்பாள். பித்தம் என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடிப்பாள். உட்கார்ந்து பார்த்தால் 140 காட்டும், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே தெரியும். டாக்டர்தான் நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னார். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. படுத்திருக்கையில் 146, நின்றதும் 118. மேல் அளவு 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். குழாய்கள் உடனே இறுகி அதை மேலே அனுப்ப வேண்டும். வயதானவர்களுக்கு அந்த வேகம் குறைந்துவிடுகிறது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் குறையும்.

இந்தச் சோதனையை வீட்டில் செய்யும்போது தனியாகச் செய்யாதீர்கள். அவர்களைப் பிடித்துக்கொள்ள ஒருவர், மிஷினுக்கு ஒருவர் வேண்டும். கிறக்கம் வந்தால் உடனே உட்கார வைத்துவிடணும்.

அந்த அளவுகளைப் பார்த்ததும் டாக்டர் முதலில் கேட்டது, நீர் பிரியும் மாத்திரையை எப்போது கொடுக்கிறீர்கள் என்றுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றேன். அதைக் காலைக்கு மாற்றினார், அளவையும் குறைத்தார். ராத்திரியில் கொடுத்தால் நடுச்சாமத்தில் பலமுறை எழுந்து கக்கூஸுக்குப் போக வேண்டிவரும், இருட்டில், அரைத் தூக்கத்தில், பிரஷர் இறங்குகிற நேரத்தில். வயதான ஆண்களுக்கு புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் மாதிரியான மாத்திரைகளும் நிற்கும்போது பிரஷரை இறக்கும். அப்பா, தாத்தா யாராவது அதைச் சாப்பிட்டால் பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்றதெல்லாம் பழக்கம்தான். படுக்கையை விட்டு எழுந்தவுடன் நிற்காமல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, ஒரு நிமிடம் கழித்து எழ வேண்டும். கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடுவே ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரிகிறது. கக்கூஸ் சுவரில் பிடிமானக் கம்பி அடித்திருக்கிறோம். அம்மாவுக்கு முதலில் அந்தக் கம்பி பிடிக்கவில்லை, நோயாளி வீடு மாதிரி இருக்கிறதாம். இப்போது அவளே அதில் துண்டையும் போட்டுக்கொள்கிறாள்.

கத்தரி வெயில் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெக்கையில் ரத்தக் குழாய்கள் விரியும், வியர்வையில் தண்ணீரும் உப்பும் போகும். தையில் சரியாக இருந்த அதே மாத்திரை சித்திரையில் கூடுதலாகிவிடலாம். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காத நாட்களிலும் இதே கதைதான். அப்படிப்பட்ட நாளில் எந்த மாத்திரையை நிறுத்திவைப்பது என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறேன். சாரல் தொடங்கிக் குளிர்ந்ததும் அளவு மறுபடி ஏறும், அப்போது ஒரு வாரம் பார்த்து எழுதிக் காட்டுகிறேன்.

மாத்திரை விஷயத்தில் நிறையச் சொல்லலாம். டெல்மிசார்டன் என்ற ஒரே மருந்து பல பெயரில் வருகிறது. பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் கூடவே அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து இருக்கிறது, 'ஹெச்' என்று இருந்தால் நீர் பிரியும் மருந்து இருக்கிறது. மெடிக்கலில் "அது இல்ல, இது இருக்கு" என்று மாற்றிக் கொடுக்கும்போது இந்த எழுத்தைப் பார்க்க வேண்டும். எஸ்-அம்லோடிபின் என்று ஒன்று உண்டு, அதில் 2.5 மில்லிகிராம் என்பது சாதாரண அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்குச் சமம். "பாதி அளவுதானே இருக்கு" என்று இரண்டாகப் போடக் கூடாது.

எங்கள் தெருவில் இன்னொரு குழப்பத்தையும் பார்த்தேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. நடக்க முடியாத பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் பக்கத்துத் தாத்தா அந்த அம்லோடிபினையும் சாப்பிட்டார், தனியார் டாக்டர் எழுதிய 'ஏஎம்' மாத்திரையையும் சாப்பிட்டார். இரண்டிலும் ஒரே மருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கால் வீங்கியது, தலை சுற்றியது. மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் தனியார் சீட்டையும், டாக்டரிடம் அரசு மாத்திரை அட்டையையும் காட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எல்லா அட்டையையும் ஒரே பையில் போட்டு, எங்கே போனாலும் பையோடு போங்கள். சீட்டை விட அட்டை நம்பகமானது.

கால் வீக்கம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அம்லோடிபின் சிலருக்கு, அதிலும் 10 மில்லிகிராம் அளவில், கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். அது சிறுநீரகக் கோளாறாகத்தான் இருக்கணும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அந்த வீக்கத்துக்கு என்று நீர் மாத்திரை சேர்த்து, அதனால் உப்புச்சத்து இறங்கி, அதற்கு இன்னொரு மருந்து சேர்த்து என்று சங்கிலியாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக ஒரு தொந்தரவு வந்தால், "இது மாத்திரையால வருதா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கணும். எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'பிரில்' என முடியும் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். எந்த இருமல் மருந்துக்கும் அது அடங்காது.

அந்த இருமலுக்கு நம் வீடுகளில் அதிமதுரம் கொடுப்பது வழக்கம். அது பிரஷரை ஏற்றும், உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். அம்மா அதைப் பல நாள் வாயில் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள், கேட்ட பிறகுதான் சொன்னாள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தனி மாத்திரையாக வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகைகளும் பிரஷரை ஏற்றி, பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுத்து, சிறுநீரகத்தையும் பாதிக்கும். மூக்கடைப்புக்கான ஜலதோஷ மாத்திரைகளிலும் ஏற்றுகிற மருந்து இருக்கிறது. வயிறு மந்தத்துக்கு நுரை பொங்கக் குடிக்கும் பொடியில் நிறைய சோடியம். "மெடிக்கல்ல என்ன வாங்கினீங்க, நாட்டு மருந்துக் கடையில என்ன வாங்கினீங்க" என்று இரண்டையும் பெரியவர்களிடம் விசாரிக்க வேண்டும். அதட்டினால் மறைப்பார்கள், சாதாரணமாகக் கேட்டால் சொல்வார்கள்.

டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும். வாரம் முழுதுக்கும் பிரித்து டப்பாவில் போட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்துவிடும். அட்டையோடு கத்தரித்து டப்பாவில் போடுகிறேன். கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள முனையைக் கடைசி வரை வைத்திருக்க வேண்டும்.

"நார்மல் ஆயிட்டுல்லா, இனி எதுக்கு?" என்று அம்மா மாத்திரையை நிறுத்திய காலமும் உண்டு. நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதை அவளுக்குப் புரிய வைத்தது டாக்டர் இல்லை, மாத்திரையை விட்ட பக்கத்து ஊர் மதினிக்கு வாய் கோணியதைப் பார்த்ததுதான். மெட்டோபுரோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் முன்னைவிட வேகமாக ஏறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. குழம்பில் போடுவதை மட்டும் நாம் கணக்குப் பார்க்கிறோம். எங்கள் வீட்டில் அதிகம் போனது தொட்டுக்கொள்வதில்தான்: பழைய சோற்றுக்கு மோர் மிளகாய், கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், கூழ் வத்தல், அப்பளம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் அம்மா சாப்பாட்டையே குறைத்துவிடுவாள். அதனால் முதலில் மோரில் உப்பை நிறுத்தினோம். அப்புறம் மோர் மிளகாய் இடத்தில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வந்தன. பொரியலில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எலுமிச்சையும் மிளகும் கூட்டினேன். சில வாரங்களில் நாக்கு பழகிவிட்டது, இப்போது கல்யாணச் சாப்பாடு அவளுக்குக் கரிக்கிறது. கருவாடு மட்டும் அபூர்வமாக உண்டு. அதில் நான் கை வைக்கவில்லை.

இந்துப்பு போட்டால் பிரஷருக்கு நல்லது என்று விற்கிறார்கள். அதுவும் சோடியம்தான். சோடியம் குறைந்த உப்பு என்று வருவதில் பொட்டாசியம் கலந்திருக்கும். பொதுவாக அது நல்லதுதான் என்றாலும் சிறுநீரகம் சரியில்லாதவர்களும் டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

அளவுக்கு மீறி உப்பை விலக்குவதும் ஆபத்து. என் பெரியம்மா திடீரென்று ஆள் தெரியாமல் பேச ஆரம்பித்தாள். வயசாகிவிட்டது என்றார்கள், திருநீறு போட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சோடியம் மிகவும் இறங்கியிருந்தது. நீர் மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது, உப்பையும் அறவே நிறுத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சரி செய்ததும் பழையபடி கணக்கு வழக்கெல்லாம் பேசினாள். பெரியவர்களின் பேச்சு, நினைவு சட்டென்று மாறினால் வயதின் மேல் பழி போடாமல் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். நீர் மாத்திரையோ டெல்மிசார்டனோ ஆரம்பித்தாலும் அளவை மாற்றினாலும் சில வாரங்களில் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

திடீரென்று 190 காட்டினால் என்ன செய்வது? முதலில் ஆளைப் பாருங்கள். வலி, மலச்சிக்கல், ஒண்ணுக்கு அடைப்பு, தூக்கமின்மை, யாரோடாவது சண்டை என்று ஏதாவது இருக்கும். அமைதியாக உட்கார வைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் இறங்கும். இறங்காவிட்டால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நீங்களாக இன்னொரு மாத்திரை கொடுக்க வேண்டாம். முன்னெல்லாம் நிஃபெடிபின் கேப்ஸ்யூலை உடைத்து நாக்குக்கு அடியில் விடுவார்கள். பிரஷர் தடாலென்று இறங்கி மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் ஆபத்தானதால் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

எண்ணோடு சேர்ந்து நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல் வந்தால் காத்திருக்கவே கூடாது. வாய் கோணினாலும், ஒரு கை தொங்கினாலும், பேச்சு குழறினாலும் மிஷினைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் மூளை ரத்தக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அது தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதனால் ஸ்கேனும் அந்த ஊசியும் உள்ள ஆஸ்பத்திரி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், புரை ஏறிவிடும். கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள், ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

நான் வெளியூர் போகும் நாட்களில் சித்தி வந்து அம்மாவோடு இருப்பாள். அவளுக்காக பீரோ கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்த மாத்திரை எந்த வேளை, டாக்டர் நம்பர், 108, அந்த ஆஸ்பத்திரியின் பெயர், அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. அடியில் சிவப்பு மையில் இரண்டு வரி: எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார வைக்கவும். நாடகம் பார்த்துக்கொண்டே பிரஷர் பார்க்க வேண்டாம்.